ஓட்டை இல்லாத படம்

உக்காருங்க தம்பி, இந்த இடம் காலிதான். பையை எடுத்துடறேன். தூத்துக்குடிதானே? நானும் அங்கதான். பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன்.

ஜன்னல் ஓரம் வேணுமா? வேணாமா, சரி. பக்கத்து சீட்டு காலியா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மாட்டுத்தாவணியில ஏறினதுலேருந்து யாராவது வரமாட்டாங்களான்னு பாத்துட்டே இருக்கேன். அவனவன் வர்றான், என்னைப் பாக்கறான், தள்ளிப் போய் உக்கார்றான். வாய் ஓயாதவன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு போல. என் வீட்டுக்காரி அப்படித்தான் சொல்லுவா.

மெட்ராஸ்லேருந்து வர்றேன். முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைக்கல. நேத்து திடீர்னு போன் வந்துச்சு, கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு மதுரை வந்து, இங்கேருந்து இது. முதுகு கழண்டு போச்சு. என் பேர் தணிகாசலம். பொண்ணு பேர் அருந்ததி. கப்பல்ல இருக்கா. நேவி இல்ல தம்பி, துளை போடற கப்பல். கடலுக்கு அடியில, தரையில.

என்ன, சட்டுன்னு திரும்பிப் பாக்கறீங்க? பொம்பளைப் புள்ளைக்குக் கப்பல்ல என்ன வேலைன்னுதானே? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. கடலுக்கு அடியிலேருந்து குழாய்ல மண்ணை எடுத்துட்டு வருவாங்க. அந்த மண்ணுல என்ன கேஸ் இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பாக்கறது அவ வேலை. நான் கரையில. எந்த இடத்துல துளை போடணும்னு சொல்றது என் வேலை. ஒரே வேலையில முன்பாதி அப்பன், பின்பாதி மக. எங்க ஆபீஸ்ல இதை வச்சே என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. பெருமையாத்தான் இருக்கும், இல்லேங்கல.

தூத்துக்குடிக்குத் தெக்கால ஆழ்கடல்ல, அடி மண்ணுக்குள்ள, கேஸ் உறைஞ்சு கிடக்கும். மேல அவ்வளவு தண்ணியோட பாரம், அடியில அவ்வளவு குளிர். ரெண்டும் சேந்து கேஸைப் பனிக்கட்டி மாதிரி இறுக்கி வச்சிருக்கும். கையில எடுத்து தீக்குச்சி காட்டினா எரியும். பனிக்கட்டி எரியும் தம்பி! நான் பாத்திருக்கேன். ஹைட்ரேட்னு பேர். நாளைக்கு நம்ம வீட்டு அடுப்பெல்லாம் அதுலதான் எரியப் போகுதுன்னு சொல்றாங்க.

அது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? கேளுங்க. பானை வாங்கறப்ப தட்டிப் பாக்கறோம்ல, அதேதான். கப்பல்லேருந்து காத்தை அமுக்கி டம்முனு ஒரு சத்தம் விடுவாங்க. அது தண்ணி வழியா இறங்கி, கடல்தரையில பட்டு, தரைக்குக் கீழ இருக்கற ஒவ்வொரு அடுக்குலயும் பட்டுத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னாடி வால் மாதிரி நீளமா ஒரு கேபிள் மிதக்கும். அதுல வரிசையா மைக். வர்ற சத்தத்தையெல்லாம் பிடிச்சு எங்க ஆபீசுக்கு அனுப்புவாங்க. வர்றப்ப அது வெறும் இரைச்சல்தான். ஒண்ணும் புரியாது. அதைக் கழுவித் துடைச்சுப் படமாக்கறது நான்.

உறைஞ்ச கேஸ் இருந்தா அந்தப் படத்துல ஒரு கோடு தெரியும். கடல்தரை எப்படி ஏறி இறங்குதோ அதே மாதிரி அதுவும் கீழ கூடவே ஏறி இறங்கும். ஆனா நிறம் மட்டும் தலைகீழா இருக்கும். தரை கறுப்பா விழுந்தா இது வெள்ளையா விழும். அந்தக் கோட்டுக்கு மேல உறைஞ்ச கேஸ். கீழ உறையாத கேஸ், வெளிய வர வழி இல்லாம அமுங்கிக் கிடக்கும். அப்ப அந்தக் கோடு என்ன? மூடி. மூடி கெட்டியா இருக்கற இடத்துல, பதனமா, நிதானமா துளை போடலாம். மூடி அறுந்த இடத்துல கீழ இருக்கற கேஸ் ஏற்கனவே மேல ஏறிட்டு இருக்குன்னு அர்த்தம். அங்க கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. எடுக்கலியா? சரி.

எங்க தொழில்ல ஒரு தலைவலி உண்டு. ஓட்டை. கப்பல் போற வழியில மீன் வலை வந்து கேபிள்ல மாட்டிக்கும். நம்ம கடல் பக்கம் வலைக்கு என்ன பஞ்சமா? வலையை எடுக்கற வரைக்கும் சத்தம் விடறதை நிறுத்திடுவாங்க. கப்பல் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. அந்த இடத்துக்கு டேட்டா இருக்காது. படத்துல பல்லு விழுந்த மாதிரி வெறுமையாத் தெரியும். அப்ப என்ன பண்ணுவோம்? ரெண்டு பக்கமும் இருக்கறதைப் பாத்து நடுவுல நிரப்புவோம். இந்தப் பக்கம் கோடு இருக்கு, அந்தப் பக்கம் கோடு இருக்கு, நடுவுல மட்டும் எங்க போயிடும்? ஏமாத்து வேலை இல்ல தம்பி, எல்லாரும் பண்றதுதான். மத்தவங்க பண்ணா தையல் தெரியும். நான் பண்ணா தெரியாது. என் படத்துல ஓட்டையே இருக்காதுன்னு ஒரு பேரு.

வீட்லயும் அப்படித்தான். அருந்ததிக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன், ஒத்து வரல, திரும்பி வந்துட்டா. அது ஒரு கதை, விடுங்க. ஹால்ல கல்யாண போட்டோ பெருசா மாட்டியிருந்துச்சு. வர்றவங்க அதைப் பாக்கறதும் வாயை மூடிக்கறதும் எனக்குப் பிடிக்கல. ஸ்டுடியோவுல கொடுத்து மாப்பிள்ளையை எடுத்துட்டு, பின்னாடி இருக்கற பூ அலங்காரம் அப்படியே தொடர்ந்து வர்ற மாதிரி நிரப்பித் தரச் சொன்னேன். பிரமாதமா பண்ணான். இவ வந்து நின்னு கொஞ்ச நேரம் பாத்தா. "ஒரு கை மட்டும் என் தோள்ல மிச்சம் இருக்குப்பா"ன்னா. கிட்ட போய்ப் பாத்தா ஆமா, நாலு விரல். அவனுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. இவ கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் படுமோ, எது தப்போ அது.

பாத்தீங்களா, ஆம்புலன்ஸ் நம்மளைத் தாண்டிப் போகுது. ரொம்ப வேகம்.

ஐப்பசியிலதான் இந்த டேட்டா எங்க கைக்கு வந்துச்சு. கப்பல் போன ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு படம். பாதிக்கு மேல வலை மாட்டியிருந்துச்சு. வெளிய மழை கொட்டுது, நான் உள்ள உக்காந்து ஒண்ணொண்ணா நிரப்பிட்டே வர்றேன். அதுல ஒரு படத்துல, மூடி நல்லா பளிச்சுன்னு போயிட்டே இருந்து நடுவுல ஒரு இடத்துல பொசுக்குன்னு காணோம். அடியிலேருந்து மேல வரைக்கும் ஒரே மங்கல். புகை போட்ட மாதிரி. "இன்னொரு வலை"ன்னேன். நிரப்பினேன். அதுக்கு நேர் மேல தரையில சின்னதா ஒரு குழி வேற. கப்பல் அலையில ஆடினா அப்படித் தெரியறது உண்டு. அதையும் சமப்படுத்திட்டேன்.

முடிச்சுட்டு எட்ட நின்னு பாக்கறேன் தம்பி, அந்த மொத்த ஏரியாவுலயே அந்த இடத்துலதான் மூடி அவ்வளவு கெட்டி, அவ்வளவு பளிச்சு! ரெண்டு பக்கத்துல இருந்த நல்லதையெல்லாம் எடுத்து நடுவுல வச்சா பின்ன எப்படி இருக்கும்? எங்க மேனேஜர் குரியன் சார் வந்து பாத்தார். கோட்டயத்துக்காரர், லேசுல வாய் திறந்து பாராட்ட மாட்டார். "தணி, இதுதான் நமக்கு வேணும்"னார். துளை போடற இடத்துக்குப் படத்துல ஒரு பெருக்கல் குறி போடறது வழக்கம். பேனாவை என் கையில கொடுத்து, "நீயே போடு"ன்னார். போட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்த மங்கலா இருந்த இடத்துலயேதானா? ஆமா, சரியா அங்கயேதான். நீங்க நல்லாக் கவனிச்சுக் கேக்கறீங்க தம்பி. நிறைய பேர் தலையை மட்டும் ஆட்டுவாங்க.

அருப்புக்கோட்டை வந்துடுச்சு. இறங்கி ஒரு சோடா குடிப்போம், வாங்க. காசை உள்ள வைங்க, நான் கொடுக்கறேன். கோலி சோடா இன்னும் இந்தப் பக்கம்தான் கிடைக்குது. இருங்க, கோலியை நான் அமுக்கறேன்.

அடடா! சட்டையெல்லாம் ஆயிடுச்சே. மன்னிச்சுக்கோங்க. பஸ்ல குலுங்கி வந்த மாதிரி என்னமாப் பொங்குது பாருங்க. தண்ணிதான், காஞ்சிடும். சிரிப்பா வருது எனக்கு. ஏன்னா, என் பொண்ணு சொன்னது இதேதான். "மூடி இல்லாத இடத்துல துளை போட்டா கேஸ் மொத்தமா மேல ஏறும்பா. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி கடலே நுரைச்சுப் போகும். நுரையில கப்பல் மிதக்காதுப்பா"ன்னா. கடல் என்ன சோடா பாட்டிலா? நீங்களே சொல்லுங்க. அட, சும்மா சொன்னேன், ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? பிடிங்க, மிச்சத்தைக் குடிங்க. வேணாமா? கண்டக்டர் விசில் அடிக்கறார், ஏறுங்க.

எங்க விட்டேன்? ஆங், அருந்ததி. கப்பல்ல மூல டேட்டா ஒரு காப்பி இருக்கும். கழுவாததுன்னு வச்சுக்கோங்களேன். இவ வேலை மண்ணைப் பாக்கறது. அதோட நிக்காம அந்த மூல டேட்டாவையும் எடுத்துப் பாத்திருக்கா. தை மாசம், பொங்கல் கழிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும். போன் பண்றா. "அப்பா, உங்க படத்துல இருக்கற கோடு இங்க இல்லயே"ங்கறா.

"அங்க வலை மாட்டிச்சும்மா"ன்னேன்.

"வலை மாட்டியிருந்தா அந்த இடத்துல எதுவுமே இருக்கக் கூடாதுப்பா. கடல்தரை தெளிவாத் தெரியுது. தரைக்குக் கீழ மட்டும்தான் ஒண்ணும் தெரியல. வலை எப்படிப்பா தரைக்குக் கீழ போய் மாட்டும்?"

கேள்வியைப் பாருங்க! வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும். கேபிள் பாதி வேலை செஞ்சிருக்கும், பாதி செஞ்சிருக்காதுன்னேன். "நிரப்பாம ஒரு தடவை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாருங்கப்பா, எனக்காக"ன்னா. ஒரு மத்தியானத்து வேலைதான், இல்லேங்கல. ஆனா ஏன் பாக்கணும்? பாத்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்துட்டா அப்புறம் இந்த ஒரு படத்தோட நிக்குமா? இத்தனை வருஷமா நான் நிரப்பின படம் எத்தனை இருக்கு! அதனால, "ஓட்டிப் பாத்தேம்மா, சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டேன். புள்ளை நிம்மதியா வேலை பாக்கட்டும்னுதான். பெத்தவன் வேற என்ன பண்ணுவான்?

அதோட விட்டாளா? என் தலைக்கு மேல குரியன் சாருக்கு எழுதிட்டா. "இந்தப் படத்துல இருக்கறது கடல்ல இல்ல"ன்னு. என் படத்தை! அப்பன் போட்ட படத்தை! ஆபீஸ்ல எல்லார் பார்வைக்கும் போயிடுச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? தலை நிமிர்ந்து கேன்டீனுக்குப் போக முடியல. அன்னிக்குப் பட்டது இன்னும் ஆறல தம்பி. அவளுக்குச் சோறு ஊட்டினவன் நான். கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவ என்னைப் போய்ப் பொய்யன்னு சொல்லிட்டா.

மீட்டிங் போட்டாங்க. பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் சொல்றார், இன்னொரு கம்பெனிகிட்ட கொடுத்துச் சரிபாக்கலாம், கப்பல் கொஞ்ச நாள் சும்மா நிக்கட்டும்னு. குரியன் சார் என்னைப் பாத்தார். "தணி, நீ சொல்லு. உனக்குச் சந்தேகம் இருக்கா?"ன்னார். நான் எழுந்து நின்னேன். "சார், அந்தக் கப்பல்ல என் பொண்ணு இருக்கா. ஒரே பொண்ணு. துளி சந்தேகம் இருந்தா நான் விடுவேனா?"ன்னேன். அவ்வளவுதான். அந்தப் பெரிய ஆளு தானே எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மீட்டிங் அதோட முடிஞ்சுது.

அதை நினைச்சா இப்பக்கூட எனக்கு உடம்பு சிலிர்க்குது. சில நேரம் நாக்குல சரஸ்வதி உக்காந்துக்கறா.

அருந்ததியைக் கேட்டாங்க, உனக்குப் பயமா இருந்தா இறங்கிக்கோன்னு. மாட்டேன்னுட்டா. "நான் இறங்கிட்டா, இங்க அதைக் கவனிச்சுட்டு இருக்கறவங்க யாரு? சமையல்காரர்லேருந்து எல்லாரும் ஒண்ணும் தெரியாமத் தூங்குவாங்களே"ன்னு அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா. வீம்பு. அப்பனுக்கு அப்பனா நின்னு காட்டணும்னு வீம்பு. என்கிட்ட அன்னிலேருந்து பேச்சு இல்ல. மாசி முழுக்கப் பேசல. வீட்டுக்கு போன் வரும், அம்மாகிட்ட பேசுவா, வச்சுடுவா. நான் பக்கத்துல செருப்பை மாட்டற மாதிரி நின்னுட்டே இருப்பேன்.

தம்பி, உங்க போன் மறுபடி. பாவம், யாரோ விடாமக் கூப்பிடறாங்க. கட் பண்றீங்களே. வீட்ல சண்டையா? இருக்கட்டும், இருக்கட்டும். எல்லா வீட்லயும் உள்ளதுதான். என் பொண்ணும் பேசாமத்தான் இருந்தா. கடைசியில பேசிட்டா.

அதைச் சொல்லணும். போன வாரம் எனக்கே போன் பண்ணா. என் நம்பருக்கு! சேட்டிலைட் போன், விட்டு விட்டுத்தான் கேக்கும். "அப்பா"ன்னா. எத்தனை நாளாச்சு அந்த வார்த்தையைக் கேட்டு! "அப்பா, நாளைக்கு ஆரம்பிக்கறாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"ன்னா. அப்புறம் ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம். ஒரே காத்துச் சத்தம். நான் போனைக் காதுல அழுத்திட்டு நிக்கறேன். கடைசியில மறுபடி குரல் வந்துச்சு. "...சரியாப்பா? புரிஞ்சுதா?"ன்னா. "புரிஞ்சுதும்மா, நல்லாப் புரிஞ்சுது"ன்னேன். "அப்ப உடனே அவங்ககிட்ட..."ன்னா. கட் ஆயிடுச்சு.

நடுவுல என்ன சொன்னான்னா கேக்கறீங்க? அது என்ன பெரிய விஷயம். முன்னாடி என்ன இருந்துச்சு? அப்பான்னு கூப்பிட்டா. பின்னாடி என்ன இருந்துச்சு? புரிஞ்சுதான்னு கேட்டா. அப்ப நடுவுல மன்னிப்பைத் தவிர என்ன இருக்கும்? மன்னிச்சுடுங்கப்பா, உங்க படம்தான் சரி, உடனே அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு சொல்லியிருக்கா. மறுநாளே குரியன் சார்கிட்ட போய்ச் சொன்னேன். "என் பொண்ணே ஒத்துக்கிட்டா சார்"னு. அவரும் சந்தோஷப்பட்டார். ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டார்.

அதுக்கப்புறம் அவளும் பேசல, கப்பல்லேருந்து ஆபீசுக்கும் ஒண்ணும் வரல. கப்பல் மேல இருக்கற சேட்டிலைட் டிஷ்ல ஏதோ கோளாறாம்.

பாருங்க, பாருங்க, இன்னும் மூணு ஆம்புலன்ஸ். வரிசையா. மேல விளக்கு மட்டும் சுத்துது, சத்தமே போடல பாத்தீங்களா? அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. எங்கயாவது முகாமுக்குப் போறாங்களா இருக்கும்.

நேத்து போன் பண்ணது துறைமுகத்துல இருக்கற ஏஜென்ட் ஆபீஸ் ஆளு. மரிய செல்வம்னு பேர். நல்ல மரியாதையாப் பேசினார். "கப்பலோட தொடர்பு கொஞ்சம் விட்டுப் போயிருக்கு சார். வீட்லேருந்து யாராவது ஒருத்தர் வந்தா நல்லா இருக்கும்"ன்னார். புள்ளைங்களைக் கரைக்கு அனுப்பறாங்க போல, டிஷ் சரியாகற வரைக்கும். உடம்புல அடையாளம் ஏதாவது இருக்கான்னு கேட்டார். மச்சம், தழும்பு, காதுல கழுத்துல என்ன போட்டிருப்பான்னு. துறைமுகத்துக்குள்ள போக பாஸ் வேணும்ல, அதுக்குத்தான். இப்பல்லாம் கெடுபிடி ஜாஸ்தி. அதை அவர் சொல்லல, எனக்கே புரிஞ்சுது. இடது முழங்கையில தழும்பு இருக்குன்னேன், சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்தது.

வீட்டுக்காரிக்கு இதையெல்லாம் சொன்னதுலேருந்து ஒரே அழுகை. "நானும் வர்றேன்"ன்னு நின்னா. ரெண்டு பேர் எதுக்குன்னு விட்டுட்டு வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்து, "நெசமாவே நீங்க அன்னிக்கு ஓட்டிப் பாத்தீங்களா?"ன்னு கேக்கறா. கிளம்பற நேரத்துல கேக்கற கேள்வியா இது? இந்தப் பையில பொண்ணோட துணி ஒரு செட் வச்சிருக்கா. மஞ்ச சுடிதார். கப்பல்லேருந்து வர்ற புள்ளைகிட்ட துணியா இருக்காது? பெத்தவ மனசு. மேல தடவித் தடவி மடிச்சு வச்சா.

கண்டக்டர் என்ன சொல்றார்? துறைமுகம் போற ரோட்டை அடைச்சுட்டாங்களா? பாருங்க, போலீசாம், ஒரே கூட்டமாம். மந்திரி யாராவது வர்றார் போல. சரி, பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சுக்கலாம். தம்பி, நீங்க எந்தப் பக்கம் போகணும்? அட, இவ்வளவு நேரம் நானே பேசிட்டு வர்றேன், உங்களைப் பத்திக் கேக்கவே இல்ல பாருங்க.

யாரு, உங்க அண்ணனா? போட்டோவுல நல்லா இருக்கார். தொப்பியும் ஏப்ரனும். இது... இது எங்க கப்பல் மாதிரி இருக்கே. அந்தக் கிரேன், மஞ்சக் கம்பி... எங்க கப்பலேதான்! சமையல் வேலையா? அட, என் பொண்ணு சொன்ன சமையல்காரர் உங்க அண்ணனா! உலகம் எவ்வளவு சின்னது பாத்தீங்களா? அப்ப உங்களையும் மரிய செல்வம்தான் கூப்பிட்டாரா? உங்ககிட்டயும் தழும்பு கேட்டாரா?

அதுக்கு ஏன் தம்பி அழறீங்க? ஆம்பளை நீங்க. கண்ணைத் தொடைங்க. நான் ஒண்ணு சொல்றேன், இதைக் கேட்டா உங்களுக்குப் பயமே போயிடும். அந்த இடத்தை என்னைவிட நல்லாப் பாத்தவன் எவனும் இல்ல. அங்க மூடி அவ்வளவு கெட்டி. ஒரு ஓட்டை கிடையாது. நானே நிரப்பினது. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க அண்ணன் கையால சாப்பிட்டுட்டு என் பொண்ணு ஒரு சுத்து பெருத்திருப்பா, பாருங்க.

ஏன் எழுந்திருக்கறீங்க? இன்னும் குறுக்குச்சாலை ஸ்டாப்பே தாண்டலியே. என்ன சொன்னீங்க? கேக்கல. காத்து அடிக்குது, ஒண்ணும் காதுல விழல. எதுக்கு என் தோளைப் பிடிச்சு இப்படி உலுக்கறீங்க? சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. இல்ல, விடுங்க, விடுங்க, புரிஞ்சுது. நன்றியெல்லாம் எதுக்கு தம்பி. நான் உள்ளதைத்தானே சொன்னேன்.

முன்னாடி போய் நிக்கறாரே. பாவம், மனசு சரியில்ல அவருக்கு.

அய்யா, ஏன் நின்னுட்டு வர்றீங்க? இங்க வாங்க, இந்த இடம் காலிதான். பையை எடுத்துடறேன். தூத்துக்குடிதானே? நானும் அங்கதான். பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன்.